உருவும் ஒப்பமும்: கையொப்பமிட்ட உருவப்படம் சான்றாகும் முறை

முன்னுரை

வண்டியூர் என்றவுடன் நம் நினைவிற்கு முதற்கண் வருவது மாரியம்மன் கோயிலை அடுத்துள்ள தெப்பக்குளமே. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதனை 1645 ஆம் ஆண்டில் அமைத்தார். தைத்திங்களில் அங்கு நிகழும் தெப்பத் திருவிழா இன்றும் அவர் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றது. அக்குளத்தை அமைத்த அரசர் எவ்வுருவினர் என அறிய விரும்புவோர், மீனாட்சியம்மன் திருக்கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே உள்ள புதுமண்டபத்தை நாடுதல் வேண்டும். விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் ஈறாக அரசர் பதின்மரின் உருவங்கள் அம்மண்டபத்துத் தூண்களில் அமைந்துள்ளன என்பது வழிவழி வரும் செய்தி. கூப்பிய கையும் திரண்ட உடலும் உடைய அவ்வுருவங்கள் பலவகையில் தம்முள் ஒத்திருப்பவை. அவற்றுள் இன்ன உருவம் இன்னாருடையது எனத் துணிவதற்குக் கல்லில் செதுக்கிய முகம் மட்டும் போதாது. நின்ற வரிசையும், மண்டபத்தை எடுப்பித்தவர் யார் என்னும் செய்தியும், மக்கள் வழக்கும் துணைசெய்தல் வேண்டும்.

உருவம் தன்னைத் தானே அறிவிப்பதில்லை, அதற்குப் பிறிதொரு சான்று வேண்டும் என்னும் இவ்வுண்மை கல்லுருவத்திற்கு மட்டும் உரியதன்று, நிழற்படத்திற்கும் ஒக்கும். சென்ற நூற்றாண்டில் தமிழ்நாட்டிற்கு வரத்தொடங்கிய உருவச் சான்றுகளுள் ஒருவகை, அமெரிக்க அரசியல் தலைவர்களின் கையொப்பம் தாங்கிய உருவப்படமாகும். மதுரைக்கும் அமெரிக்காவிற்கும் உள்ள தொடர்பு நெடியது. அமெரிக்கக் கிறித்தவத் திருத்தொண்டர் 1834 இல் மதுரைக்கு வந்தனர். அமெரிக்கன் கல்லூரி 1881 இலும் டோக் பெருமாட்டி கல்லூரி 1948 இலும் தோன்றின. இந்திய அமெரிக்க அரசுகளிடையே 1950 பிப்ரவரியில் ஏற்பட்ட கல்விப் பரிமாற்ற உடன்படிக்கையின் வழி, புல்பிரைட்டு என்னும் செனட்டரின் பெயரால் அமைந்த உதவித்தொகை பெற்று ஆசிரியரும் மாணவரும் அந்நாட்டிற்குச் சென்று வந்தனர். எனவே வண்டியூரிலோ அதனைச் சூழ்ந்த வேறோர் ஊரிலோ ஒரு குடும்பத்தின் பழந்தாள்களிடையே அத்தகைய படமொன்று கிடைக்குமாயின், அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. அப்படம் எதனைச் சான்று பகர்கின்றது என்பதே ஆராயத்தக்க வினா. வாழ்க்கை வரலாறு எழுதுவோரும், வட்டார வரலாறு தொகுப்போரும், ஆவணக் காப்பாளரும் இவ்வினாவிற்கு விடை காணாது மேற்செல்லுதல் இயலாது. அவ்விடையைக் காண்பதற்குரிய நெறி நம் கல்வெட்டியலிலும் சுவடியியலிலும் முன்னரே அமைந்துள்ளது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வகைக்கு எடுத்துக்காட்டாக, மிகுதியும் ஆராயப்பெற்ற ஜான் கென்னடியின் கையொப்பத்தை யாம் மேற்கொள்கின்றோம்.

உருவும் பெயரும்

இறந்துபட்ட வீரனுக்குக் கல் நடுதலைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகளாக வகுத்துரைக்கும். அக்கல்லில் வீரனின் பெயரும் பெருமையும் எழுதப்பெற்ற செய்தியைச் சங்கப் பாடல்கள் பலவிடத்துக் குறிக்கின்றன. வையைப் பள்ளத்தாக்கில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட நடுகற்கள் இவ்வகையில் பெரிதும் கருதத்தக்கவை. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த அக்கற்களில் உருவம் இல்லை. பெயரும் செயலுமே உள்ளன. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலைக் குறிக்கின்றது. வீரனின் உருவத்தைச் செதுக்கி அதன்மேல் எழுத்துப் பொறிக்கும் வழக்கம் பிற்காலத்து நடுகற்களில் பெருகிக் காணப்படுகின்றது. ஆகவே, கிடைத்துள்ள சான்றுகளைக்கொண்டு நோக்குமிடத்து, இன்னார் என அறிவிக்கும் பொறுப்பை முதற்கண் ஏற்றது எழுத்தே எனல் வேண்டும்.

உருவம் அழிந்து பெயர் நின்ற இடமும் உண்டு. மராட்டிய நாட்டின் நாணேகாட்டுக் குகையில் சாதவாகன மன்னர் குடும்பத்தினரின் உருவங்கள் ஒருகாலத்தில் நிறுவப்பட்டிருந்தன. அவை சிதைந்து மறைந்தன. ஆயினும் உருவங்களின் மேல் பொறித்திருந்த பெயர்கள் எஞ்சி நிற்றலின், அங்கு நின்றவர் யாவர் என இன்றும் அறிகின்றோம்.

இனி, உருவும் பெயரும் ஒருங்கே நிற்பினும் ஐயம் முற்றும் நீங்கிவிடுமெனக் கூறவியலாது. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் பல்லவ மன்னர் இருவர் தம் தேவியரோடு காட்சி தருகின்றனர். சிம்மவிண்ணன் என்றும் மகேந்திரன் என்றும் அவர்தம் பெயர்கள் மேலே பொறிக்கப்பட்டுள்ளன. எனினும் அப்பெயர் தாங்கியோர் ஒருவர்க்கு மேற்பட்டோராகலின், எந்த மன்னர் குறிக்கப்பட்டார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாறாக, கோனேரிராசபுரமாகிய திருநல்லத்தில், செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தரின் பெயரால் கற்றளி எடுப்பித்த செய்தியையும், அங்குச் சிவபெருமானை வழிபடும் நிலையில் அமைந்த உருவம் கண்டராதித்தருடையதே என்பதையும் கல்வெட்டு விளங்கக் கூறுகின்றது. எடுப்பித்தவர் யார், யார் பொருட்டு, உருவம் யாருடையது என்னும் மூன்றும் அங்கு ஒருங்கே கிடைக்கின்றன. உருவச் சான்று நிறைவுபெறுதற்கு இம்மூன்றும் வேண்டும் என்பது இவ்விரு கோயில்களையும் ஒப்பிட்டு நாம் பெறும் முதல் நெறியாகும்.

எழுத்தும் தற்குறியும்

இதுகாறும் கூறியவற்றில் பெயரைப் பொறித்தவன் சிற்பியோ எழுத்து வெட்டுவோனோ ஆவான். உருவத்திற்கு உரியவன் அல்லன். உரியவனே தன் கையால் தன் பெயரை எழுதுதல் வேறொரு நிகழ்ச்சி. அதன் இயல்பை அறிதற்குச் சோழர் காலத்து ஆவணங்களைக் காணுதல் தகும்.

நிலவிற்பனை, கொடை முதலியவற்றைக் குறிக்கும் கல்வெட்டுகளின் இறுதியில் உடன்பட்டோரும் அறிந்தோரும் ஒருவர்பின் ஒருவராக ‘இவை என் எழுத்து’ என்னும் வாய்பாட்டால் தம் ஒப்புதலைத் தெரிவிப்பர். எழுத அறியாதவர் ஒரு குறியை இடுவர். அது தன் குறி ஆதலின் தற்குறி எனப்பட்டது. அக்குறி இன்னாருடையது என எழுத்தறிந்த பிறிதொருவர் தம் பெயரிட்டுச் சான்று கூறுவார். எழுத்தறியாதவனைத் தற்குறி எனச் சுட்டும் இற்றை வழக்கு, குறியின் பெயர் அதனை இட்டவனுக்கு ஆகி வந்ததன் விளைவாகும். இன்று இழிவுப் பொருள் தரும் இச்சொல், தோன்றிய காலத்தில் ஓர் ஆவண முறையின் பெயராகவே இருந்தது.

அரசாணைக்கும் இத்தகைய முறையே இருந்தது. மன்னன் வாய்மொழியாக ஆணையிடுவான். அதனைக் கேட்டு உரைப்பது திருவாய்க் கேள்வி. கேட்டதை ஓலையில் எழுதுபவன் திருமந்திர ஓலை. எழுதியதை ஒப்புநோக்குபவன் திருமந்திர ஓலை நாயகம். இவர்களும் பிற அதிகாரிகளும் தத்தம் பெயரையே குறித்தனர். மன்னன் தன் கையால் எழுதாமை அங்கு ஒரு குறையாகக் கருதப்படவில்லை. ஆணை மன்னனுடையது, எழுத்து இன்னாருடையது என்பது வெளிப்படையாக இருந்தது. விசயநகரப் பேரரசர்தம் செப்பேடுகளில் பல, கன்னட எழுத்தில் ‘ஸ்ரீ விரூபாட்ச’ எனக் கடவுட் பெயரோடு முடிகின்றன. அரசன் தன் பெயரை எழுதாது தெய்வத்தின் பெயரையே ஒப்பமாகக் கொண்டான். எனவே ஒப்பம் என்பது எக்காலத்தும் எவ்விடத்தும் ஒருவன் தன் பெயரைத் தன் கையால் எழுதுதல் என்னும் ஒரே பொருளில் நின்றதில்லை என்பது தெளிவு.

ஈண்டு ஒப்பம் என்னும் சொல்லையும் சிறிது நோக்குதல் வேண்டும். ஒப்பு என்பதன் அடியாகப் பிறந்த சொற்கள் ஒத்திருத்தலையும் உணர்த்தும்; உடன்படுதலையும் உணர்த்தும். உருவப்படம் உரியவரை ஒத்திருக்கின்றது. கையொப்பம் அவருடைய உடன்பாட்டை அறிவிக்கின்றது. கையொப்பமிட்ட உருவப்படத்தில் இவ்விரு பொருளும் ஒரு தாளில் கூடுகின்றன. கூடுதலினாலேயே காண்போர்க்கு மயக்கமும் உண்டாகின்றது. முகம் உண்மையாகலின் எழுத்தும் உண்மையாதல் வேண்டும் என அவர் எளிதில் கருதிவிடுவர். முகத்தை ஒளி பதித்தது. எழுத்தை ஒரு கை எழுதியது. ஒன்றன் உண்மை மற்றொன்றற்குச் சான்றாகாது.

அமெரிக்கத் தலைவரின் கையொப்பம்

அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் கையொப்பம் நெடுங்காலமாகவே பிற கைகளையும் கருவிகளையும் துணைக்கொண்டு வந்துள்ளது. மூன்றாம் தலைவராகிய தாமசு செபர்சன், ஒரு கை எழுத இரண்டு இறகுகோல்கள் ஒருங்கே இயங்கிப் படியொன்றையும் உண்டாக்கும் பொறியை 1804 முதல் பயன்படுத்தினார். அப்பொறியை 1803 இல் உரிமைப்பதிவு செய்தவர் ஆக்கின்சு என்பவர். அங்கு எழுதும் கை உரியவருடையதே. பொறி அவ்வசைவைப் பின்பற்றியதன்றித் தானே எழுதவில்லை.

ஆண்ட்ரூ சாக்சன் தலைவராக இருந்தபோது, குடியேறியோர்க்கு வழங்கவேண்டிய நிலப்பட்டயங்கள் அளவிறந்து பெருகின. அனைத்திலும் தலைவரே ஒப்பமிடுதல் இயலாமையின், அதற்கெனச் செயலாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ள 1833 இல் சட்டம் இடந்தந்தது. அதன்பின் எழுந்த பட்டயங்களில் தலைவரின் பெயரும், அவர்க்காக எழுதிய செயலாளரின் பெயரும் அடுத்தடுத்துக் காணப்படும். இது சோழர் ஓலை முறையோடு ஒத்த இயல்பினது. அதிகாரம் ஒருவருடையது, எழுத்து மற்றொருவருடையது என்பதை ஆவணமே அறிவித்துவிடுகின்றது.

நிழற்படத்தில் இடும் கையொப்பமோ இந்நெறியின்பாற் படாது. அது சட்ட ஆவணம் அன்று. அன்பின் அடையாளம் எனக் கொள்ளப்படுவது. ஒருவர்க்குப் படம் அனுப்பும்போது தலைவரின் பெயருக்குக் கீழ்ச் செயலாளரின் பெயரையும் எழுதினால் அவ்வன்பு குறைவுபடும். எனவே செயலாளர் எழுதிய இடத்திலும் தம் பெயரை மறைத்துத் தலைவரின் கையெழுத்தையே ஒத்து எழுதலாயினர். வெளிப்படையாக நிகழ்ந்த பதிலெழுத்து இங்கு மறைவான பதிலெழுத்து ஆயிற்று.

ஜான் கென்னடி 1917 மே 29 இல் பிறந்து, 1961 சனவரி 20 இல் தலைவர் பொறுப்பேற்று, 1963 நவம்பர் 22 இல் டல்லசு நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் ஆட்சி மூன்றாண்டிற்கும் குறைந்தது. அவர் கையொப்பத்தை விரும்பியோரோ உலகெங்கும் பலர். அவ்விருப்பத்தை நிறைவு செய்யச் செயலாளர்களின் கைகளேயன்றித் தானே எழுதும் பொறியும் பயன்பட்டது. உண்மையான கையொப்பம் ஒன்றன் வடிவம் தகடொன்றில் வெட்டப்படும். பொறியின் கை அத்தகட்டின் விளிம்பைத் தொடர்ந்து செல்ல, அதனோடு பிணைத்த பேனா தாளின்மேல் அதே வடிவத்தை எழுதும். பேனாவும் மையும் மெய்யானவை. எழுதும் மனிதனே அங்கில்லை. நியூயார்க்கு நகரத்துக் கையெழுத்து வணிகராகிய சார்லசு ஆமில்டன் இக்கையொப்பங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, தலைவரை உருவாக்க உதவிய பொறிமனிதன் எனப் பொருள்படும் தலைப்பில் 1965 இல் ஒரு நூல் வெளியிட்டார். பொறியின் தகடுகள் ஒன்றல்ல, பல என்பதையும், அவற்றின் வடிவங்கள் யாவை என்பதையும் அந்நூல் படங்களோடு காட்டியது. தலைவர் தம் கையால் எழுதியது எனப் பலர் போற்றி வைத்திருந்த படங்கள் பொறியெழுத்து எனத் தெரியவந்தன.

பிற்காலத்தில் இப்பொறி சட்ட ஆவணத்திற்கும் வந்தது. குடியரசுத் தலைவர் ஆணையிட அவர் பெயரைப் பிறர் இடுதல் சட்டத்திற்கு ஏற்புடையதே என அந்நாட்டு நீதித்துறையின் சட்ட அலுவலகம் 2005 இல் கருத்துரைத்தது. பாரக் ஒபாமா பிரான்சு நாட்டில் இருந்தபோது, 2011 மே திங்களில், அவர் ஆணைப்படி ஒரு சட்டமுன்வடிவில் பொறி கையொப்பமிட்டது. அஃது உடனே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதாகலின், சோழர் திருவாய்க் கேள்வியோடு ஒப்பிடத்தக்க இயல்பினதாகின்றது. வாய்மொழி ஆணையே ஆணை. எழுத்து அதன் கருவி.

நான்கு வகை எழுத்து

இவற்றால் உருவப்படத்தில் காணப்படும் கையொப்பம் நால்வகைப்படும் எனலாம். உரியவர் தம் கையால் எழுதியது, செயலாளர் அவரை ஒத்து எழுதியது, பொறி எழுதியது, படத்தோடு ஒருங்கே அச்சானது. இவற்றை வேறுபடுத்தி அறியும் முறையைச் சுருங்கக் கூறுவோம்.

அச்செழுத்தை அறிதல் எளிது. படத்தைச் சாய்த்துப் பிடித்து விளக்கொளியில் நோக்கினால், மையால் எழுதிய கோடு படத்தின் மேற்பரப்பினின்று வேறாகத் தோன்றும். அதன் பளபளப்பும் வேறாக இருக்கும். படத்தோடு பதிந்த எழுத்திற்கு அவ்வேறுபாடு இல்லை. அது படத்தின் கருமையே ஆகும்.

பொறியெழுத்தை அறிதற்கு ஒப்புமை வேண்டும். மனிதன் தன் பெயரை இருமுறை எழுதினால் இரண்டும் முற்றும் பொருந்தா. நீளமோ சாய்வோ இடைவெளியோ சிறிதேனும் வேறுபடும். ஒரே தகட்டினின்று பிறந்த இரண்டு கையொப்பங்களோ ஒன்றன்மேல் ஒன்றை வைத்து நோக்கின் பொருந்தி நிற்கும். ஆகவே முற்றும் ஒத்திருத்தலே இங்கு ஐயத்திற்குக் காரணமாகின்றது. மேலும், உயிருள்ள கை எழுதும்போது அழுத்தம் கூடியும் குறைந்தும் வரும். கோடு தொடங்குமிடத்தும் முடியுமிடத்தும் மெலியும். பொறியின் கோடு பெரும்பாலும் ஒரே அழுத்தமுடையது. தொடக்கமும் முடிவும் மொட்டையாக இருக்கும். வளைவுகளில் நடுக்கமும் தோன்றுவதுண்டு.

செயலாளரின் எழுத்தை அறிதலே அரிது. அதுவும் உயிருள்ள கையின் எழுத்தாகலின் மேற்கூறிய அடையாளங்கள் அங்குப் பயன்படா. கென்னடியின் எழுத்து காலத்திற்குக் காலம் பெரிதும் வேறுபட்டது. விரைந்து எழுதிய இடங்களில் எழுத்துகளைப் பிரித்துப் படித்தலும் இயலாது. அத்தகைய கையெழுத்தைப் பொறுத்தமட்டில் ஒரு மாதிரியோடு ஒப்பிட்டுத் துணிதல் கூடாது. அதே காலத்தில், அவர் எழுதினார் என்பதற்கு வேறு சான்றுடைய எழுத்துகள் பலவற்றோடு ஒப்பிடல் வேண்டும். ஏடு பதிப்பிப்போர் ஒரு பிரதியை மட்டும் கொண்டு பாடத்தைத் துணியாமையை இதனோடு ஒப்பிடலாம்.

எழுத்து வேறுபடுவதனாலேயே கை வேறெனத் துணிதலும் பொருந்தாது. இதற்குக் காந்தியடிகள் சிறந்த சான்றாவார். அவர் 1909 ஆம் ஆண்டில் இங்கிலாந்தினின்று தென்னாப்பிரிக்காவிற்குக் கப்பலில் திரும்புகையில் இந்திய தன்னாட்சி பற்றிய தம் நூலை எழுதினார். வலக்கை அயர்ந்தபோது இடக்கையால் எழுதினார். இரு கைகளின் எழுத்தும் தோற்றத்தில் வேறுபட்டன, எழுதியவர் ஒருவரே. தமிழ் எழுத்திலும் அவர் தம் பெயரை எழுதியுள்ளார். ஆங்கிலக் கையொப்பம் ஒன்றை மட்டும் மாதிரியாகக் கொண்டு நோக்குவோர் அத்தமிழ் எழுத்தை அவருடையதன்று எனத் தள்ளிவிடக் கூடும். நேரு அவர்கள் 1959 ஏப்ரல் 15 இல் திறந்துவைத்த மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகம், வண்டியூர்க்கு அணித்தாகத் தமுக்கம் அரண்மனையில் உள்ளது. கையெழுத்துச் சான்றுகளை ஆராயப் புகும் மாணவர் அடிகளின் எழுத்து வேறுபாடுகளை முதற் பாடமாகக் கொள்ளுதல் நன்று. அரிசன நிதிக்கென அவர் தம் கையொப்பத்திற்கு ஐந்து ரூபாய் பெற்றார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அங்குக் கையொப்பம் பெற்றவரைக் கொடையாளர் என்று கொள்ளலாமேயன்றி, அடிகளின் நெருங்கிய நண்பர் எனக் கொள்ளுதற்கில்லை.

படம் கூறுவதும் கூறாததும்

கையொப்பம் உரியவருடையதே எனத் துணிந்த பின்னரும் ஒரு வினா எஞ்சும். அப்படம் பெற்றவர்க்கும் அனுப்பியவர்க்கும் இருந்த உறவு யாது? இதனை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குவோம்.

மூதறிஞர் இராசாசி, காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில், ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் அமெரிக்கா சென்று, 1962 செப்டம்பர் 28 இல் வெள்ளை மாளிகையில் கென்னடியைக் கண்டு, அணுக்குண்டு ஆய்வுகளை நிறுத்துமாறு வேண்டினார். அப்போது அவர்க்கு வயது எண்பத்து மூன்று. மேலை நாட்டிற்கு அவர் சென்றது அதுவே முதன்முறை. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணு ஆய்வைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1963 ஆகத்து 5 இல் மாசுகோவில் கையெழுத்தாயிற்று. இச்சந்திப்பை நாம் அறிவது நாட்குறிப்பு, செய்தியறிக்கை, உடன் சென்றோர் உரை ஆகியவற்றால். கையொப்பப் படம் ஒன்றினால் அன்று. நாளும் இடமும் பேசுபொருளும் வேறு ஆவணங்களால் உறுதிப்பட்ட இடத்தில், கையொப்பப் படம் ஒன்று இருப்பினும் அது துணைச் சான்றே ஆகும். இல்லாவிடினும் வரலாற்றிற்குக் குறையில்லை.

இதன் மறுதலையும் உண்மை. பிற ஆவணம் ஏதுமின்றிப் படம் மட்டும் கிடைக்குமிடத்து, அதனைக்கொண்டு சந்திப்பு நிகழ்ந்தது என்றோ நட்பு இருந்தது என்றோ எழுதுதல் கூடாது. ஒரு மாணவரோ ஆசிரியரோ அஞ்சல் வழி விண்ணப்பித்து, தலைவரின் அலுவலகத்தினின்று படம் பெறுதல் இயல்பாக நிகழ்ந்த ஒன்று. பெற்றவரின் பெயர் குறித்து, வாழ்த்துரை எழுதி, நாளும் இட்ட படம் ஒருவகை. பெயரின்றிக் கையொப்பம் மட்டும் உடையது பிறிதொரு வகை. முன்னது, இன்னார்க்கென எண்ணி அனுப்பியது என்பதைக் காட்டும். அங்கும் வாழ்த்துரையை எழுதிய கையும் ஒப்பமிட்ட கையும் ஒன்றா என நோக்குதல் வேண்டும். பின்னது, தலைவரின் அலுவலகத்திற்கும் நம் ஊரினர் ஒருவர்க்கும் இடையே மடல் சென்று வந்தது என்பதற்கு மேல் எதனையும் கூறாது.

அவ்வளவே கூறினும் அது சிறிய செய்தி அன்று. மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒருவர் கடல் கடந்த நாட்டின் தலைவர்க்குத் தாமே மடல் எழுதினார், அவர்க்கு விடையும் வந்தது என்பது அக்காலத்துக் கல்வி நிலையையும் மக்கள் ஆர்வத்தையும் காட்டும் வரலாற்றுச் செய்தியே. பொறியெழுத்து எனத் தெரிந்தவுடன் படத்தைப் பயனற்றதெனத் தள்ளுவோர் இதனை இழந்துவிடுகின்றனர். கல்வெட்டில் தற்குறியிட்டவன் எழுதவில்லை என்பதனால் அவ்வாவணத்தை எவரும் தள்ளுவதில்லை. அக்குறியை இட்டவன் யார், சான்று கூறியவன் யார் என்றே ஆராய்கின்றோம். கையொப்பப் படத்தையும் அவ்வாறே நோக்குதல் தகும் என்பது எம் கருத்து.

குடும்பத்தார் மனநிலையையும் ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது. பாட்டனார்க்குக் குடியரசுத் தலைவர் தம் கையால் எழுதி அனுப்பினார் எனப் பேரன்மார் பெருமையோடு கூறும்போது, இது பொறியின் எழுத்து என்று மட்டும் சொல்லி நீங்குதல் முறையன்று. பாட்டனார் பொய் கூறியவர் அல்லர். தமக்கு வந்ததை அவ்வாறே நம்பியவர். பொறியெழுத்து என்னும் முடிபை மறையாது உரைப்பதோடு, அவர் எழுதிய மடலும் பெற்ற விடையும் உண்மையே என்பதையும் எடுத்துரைத்தல் ஆராய்ச்சியாளர் கடமையாகும். பெருமை குன்றாதவாறு உண்மையைப் பிறழ எழுதுதலும், உண்மையின் பெயரால் ஒருவரின் நேர்மையை ஐயுறச் செய்தலும் ஒப்பவே குற்றமாகும்.

காக்கும் முறை

இத்தகைய படம் கிடைக்கும்போது செய்யத்தக்கன சில உள. படத்தோடு வந்த உறையையும் மடலையும் பிரித்தல் கூடாது. அஞ்சல் முத்திரையின் நாளும், மடலில் ஒப்பமிட்ட செயலாளரின் பெயரும் படத்தினும் உறுதியான சான்றாதல் கூடும். படத்தின் பின்புறத்தில் நிழற்படக் கலைஞரின் முத்திரையோ எண்ணோ உளதா எனக் காண்டல் வேண்டும். படம் எடுக்கப்பட்ட காலத்தையும் ஒப்பமிட்ட காலத்தையும் அது வேறுபடுத்திக் காட்டும். சட்டத்திற்குப் பொருந்துமாறு விளிம்பை வெட்டுதலும், மங்கிய எழுத்தின்மேல் மீண்டும் எழுதுதலும், நெகிழித்தாள் ஒட்டி மூடுதலும் சான்றை அழிப்பனவாம். பேனா மை வெயிலொளியில் வெளிறும் இயல்பினது. சுவரில் மாட்டிய படத்தில் முகம் நிற்க, எழுத்து மறைதல் இதனால் நேர்வது. கண்ணாடி படத்தின் பரப்பைத் தொடாதவாறு இடைவெளி விடுதலும் வேண்டும். ஈரம் மிக்க காலத்தில் பரப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். குடும்பத்தில் வழங்கும் செய்தியை, கூறியவர் யார், எப்போது கூறினார் என்னும் குறிப்போடு தனித்தாளில் எழுதி உடன் வைத்தல் நன்று. அச்செய்தியை முடிபு எனக் கொள்ளுதலும் கூடாது. பயனற்றதெனத் தள்ளுதலும் கூடாது.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. உருவம் தன்னளவில் இன்னார் என அறிவிப்பதன்று. எழுத்தே அதனை அறிவிக்கும். எழுத்தும், எழுதிய கை யாருடையது என்பது தெளிந்த பின்னரே முழுச் சான்றாகும். பிறர்க்காக எழுதுதல் புதிய வழக்கம் அன்று. சோழர் ஓலையிலும் அமெரிக்க நிலப்பட்டயத்திலும் அது வெளிப்படையாக நிகழ்ந்தது. கையொப்பமிட்ட உருவப்படத்தில் அது மறைவாக நிகழ்ந்தமையே ஆராய்ச்சியை இன்றியமையாததாக்குகின்றது. படம் யாருடையது, எழுத்து எவ்வகையது, எழுதிய கை எது, யாருக்கு எழுதப்பட்டது, எவ்வழி வந்தது என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை கண்டபின் நாம் அதனை வரலாற்றில் எடுத்தாளலாம். விடை காணாத இடத்தில் காணவில்லை என்றே குறித்தல் வேண்டும்.

புதுமண்டபத்துத் தூணில் நிற்கும் உருவத்தை ஆராய்வதற்கும் பழம்பெட்டியில் கிடைக்கும் உருவப்படத்தை ஆராய்வதற்கும் நெறி ஒன்றே. கல்வெட்டும் சுவடியும் பயின்ற தமிழ் மாணவர் இருபதாம் நூற்றாண்டின் ஆவணங்களைத் தமக்குப் புறம்பானவை எனக் கருதாது, தம் ஊர்களில் எஞ்சியுள்ள இத்தகைய படங்களையும் மடல்களையும் தேடித் தொகுத்து ஆராய முற்படுவாராயின், தமிழ்நாட்டு வட்டார வரலாற்றிற்கு அது பெருந்துணையாகும்.